சிறிய வீடு, சிறு பிள்ளைகள்: இடத்தை ஒழுங்குபடுத்தல்

மொன்றியலில் வாடகை வீடுகளை மூன்றரை, நாலரை என்றே கணக்கிடுவார்கள். அரை என்பது குளியலறை. நாலரை என்றால் பெரும்பாலும் சமையலறை, கூடம், இரண்டு படுக்கையறைகள். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது நெருக்கமான இடம்தான்.

முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது வாசல். பனிக்காலத்தில் ஒரு பிள்ளைக்கே பனி உடுப்பு, சப்பாத்து, கையுறை, தொப்பி எனக் குவிந்துவிடும். பிள்ளையின் தோள் உயரத்தில் கொளுக்கி அடித்தால் நான்கு வயதுப் பிள்ளை தானே மாட்டப் பழகும். சப்பாத்தில் ஒட்டிவரும் பனியில் வீதி உப்பு கலந்திருக்கும்; அது மரத்தரையைக் கெடுக்கும். ஆகவே விளிம்புள்ள ரப்பர் தட்டு கட்டாயம் வேண்டும். ஈரக் கையுறைகளைச் சுவரடி மின் சூடாக்கியின் மேல் காயவிடக் கூடாது; தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கட்டிலும் திரைச்சீலையும் அதிலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

உயரமான இழுப்பறை அலுமாரி இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் சுவருடன் பிணைக்காவிட்டால் ஆபத்து. அமெரிக்காவில் குழந்தைகள்மேல் கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்த பின், இக்கேயா 2016இல் கனடாவிலும் இலட்சக்கணக்கான அலுமாரிகளைத் திரும்ப அழைத்தது. வாடகை வீடு என்று துளையிடத் தயங்க வேண்டாம், வெளியேறும்போது அடைத்துவிடலாம்.

விளையாட்டுப் பொருட்களில் பாதியைப் பெட்டியில் வைத்து அவ்வப்போது மாற்றிக் கொடுக்கலாம். கதைப்புத்தகங்களுக்கு மாநகர நூலகம் இருக்கிறது, நகரவாசிகளுக்கு இலவசம். சிறுத்துப்போன உடுப்புகளை, நகரமே வீடு மாறும் ஜூலை 1க்கு முன் கொடுத்துவிடுங்கள்.