எஃப்.சி. கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் சொந்த வண்டி வாங்கிவிடலாம் என்று இறங்குகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கான ஓட்டமும் இருக்கிறது. திராட்சை, வாழை, காய்கறி என்று சந்தை லோடு கிடைக்கும். கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளும் விடியுமுன் கிளம்பிவிடுகின்றன. புது வண்டிக்குக் கையில் பணம் இருக்காது. நகையை அடகு வைத்து, பழைய குட்டி யானையோ ஜீப்போ பார்க்கப் போவார்கள். அங்கே டீலர் சொல்வார்: “எஃப்.சி. மட்டும்தான் தம்பி முடிஞ்சிருக்கு. ஒரு வாரத்துல எடுத்துறலாம். அதுக்குத்தான் விலையக் குறைச்சிருக்கேன்.”

அந்த ஒரு வாரத்தை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவின்படி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இல்லாத வாடகை வாகனம், பதிவே செய்யப்படாத வண்டிக்குச் சமம். சாலையில் பிடிபட்டால் 192-வது பிரிவு பாயும். முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அபராதத்தையாவது கட்டிவிடலாம். விபத்து நடந்தால்தான் குடும்பமே ஆடிப்போகும். எஃப்.சி., பெர்மிட் இல்லாமல் வண்டி ஓடியது அடிப்படை விதிமீறல் என்று கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 2018-இல் தீர்ப்பளித்தது. காயம்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள இந்தத் தீர்ப்பு வழிவிட்டது. தினமும் கேரளத்துக்கு மலை ஏறுகிற வண்டிக்காரர் இதை மறக்கக் கூடாது.

“எஃப்.சி.யை வாங்கினவங்கதான் எடுத்துக்கணும்” என்ற பேச்சு இனி எடுபடாது. பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி விதிகள் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடப்பில் உள்ளன. டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அது படிவம் 29பி. பழைய உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்த விவரம் படிவம் 29சி மூலம் பதிவாக வேண்டும். பதிவானதும் வண்டிக்கும் அதன் ஆவணங்களுக்கும் டீலரே பொறுப்பு. எஃப்.சி. புதுப்பிப்பு, ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பு, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ஆகவே கடைக்குள் நுழைந்ததும் கேளுங்கள்: “அண்ணே, உங்க 29பி இருக்கா? இந்த வண்டிக்கு 29சி போட்டாச்சா?” இரண்டும் இல்லை என்றால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது புரோக்கரிடம். அவரிடம் இருப்பது பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்கள் 29-ம் 30-ம் மட்டுமாக இருக்கலாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பெயர் ஏறாதவரை உங்கள் பணத்துக்குப் பிடிமானம் இல்லை.

எஃப்.சி. ஏன் முடிந்தது என்பதையும் துருவிப் பாருங்கள். எட்டு வயது வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடுகிற வண்டியின் எஃப்.சி.யை வாடகைக்காரர் யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. வரி பாக்கி, இ-சலான், ஃபைனான்ஸ் தகராறு, இல்லையென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த முடியாத பழுது, இதில் ஏதோ ஒன்று இருக்கும். முதல் மூன்றில் பெரும்பாலானவற்றைப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். டீலர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். மேலே பளபளக்கும் பெயின்ட்டை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸில் ஓரிடத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; அடியில் வெல்டிங் தழும்பு இருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக் பெடலை ஒரு நிமிடம் அழுத்தியே பிடியுங்கள். கால் மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இருக்கலாம். பட்டா இலைகளில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போகிற வண்டி அது. இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

கே.எல். என்று தொடங்கும் கேரளப் பதிவு வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28 கட்டாயம். தமிழ்நாட்டு வரியும் சேரும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஓன் போர்டு வண்டிக்கு 15 ஆண்டு வரை எஃப்.சி. கேட்கமாட்டார்கள், உண்மைதான். ஆனால் அதில் கூலிக்கு ஆள் ஏற்றினால் பெர்மிட் இல்லாத வண்டி ஆகிவிடும். டீலர் ஆசை காட்டினாலும் பிழைப்புக்கு அதை வாங்காதீர்கள்.

வண்டி பிடித்துவிட்டது என்றால், சிறிய அட்வான்ஸ் மட்டும் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: “எஃப்.சி. புதுப்பித்து, நிலுவைகள் தீர்த்து, பெயர் மாற்ற விண்ணப்பம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்கப்பட்ட பிறகே மீதித் தொகை தரப்படும். இன்ன தேதிக்குள் முடியாவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்.” வண்டி உத்தமபாளையம் அலுவலகத்துக்கு எஃப்.சி. காட்டப் போகும்போது நீங்களும் கூடவே போங்கள். இன்ஸ்பெக்டர் எதைக் குறை சொல்கிறார் என்று நேரில் கேட்பது, எந்த மெக்கானிக்கின் வார்த்தையையும்விட மேல். பெயர் மாறியதும் இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே பணத்தைக் கொடுத்துவிட்டு அலைகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. தொழிலுக்கு வாங்கிய வண்டி என்று டீலர் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால், ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வண்டி விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது.