கைலூலா: உழைப்புக்கிடையே ஓய்வு

ஹலாலான வழியில் உழைத்து உண்பதன் சிறப்பை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அந்த உழைப்புக்கு நடுவே எடுக்கும் ஓய்வுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சற்றுச் சாய்ந்தால் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமோ என அஞ்சுவோர் ஒருபுறம். வயிறு நிறைய உண்டுவிட்டு, லுஹரையும் தவறவிட்டு, அஸர் வரை உறங்குவோர் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வழியைப் பார்ப்போம்.

திருமறையில் சூரத்துர் ரூமின் 23-ஆம் வசனம், மனிதர் இரவிலும் பகலிலும் உறங்குவதையும், அல்லாஹ்வின் அருளைத் தேடி முயல்வதையும் சேர்த்தே அவனுடைய அத்தாட்சிகளாகக் கூறுகிறது. சூரத்துந் நூரின் 58-ஆம் வசனமோ, வீட்டிலுள்ள சிறுவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டிய மூன்று நேரங்களைச் சொல்கிறது. மேலாடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல் நேரம் அவற்றுள் ஒன்று. மனிதனின் பகல் ஓய்வுக்கு இடையூறு நேராதிருக்க அல்லாஹ் தஆலா ஓர் ஒழுங்கையே வகுத்திருக்கிறான் என்றால், அந்த ஓய்வை அற்பமாக எண்ணலாமா?

இந்த நண்பகல் ஓய்வுக்கே அரபியில் கைலூலா என்று பெயர். உறக்கம் வந்தாக வேண்டும் என்பதில்லை. நடுப்பகலில் இளைப்பாறுவதே கைலூலாதான் என்று ஹதீஸ் சொற்களுக்கு அகராதி எழுதிய இப்னுல் அதீர் (வஃபாத் ஹிஜ்ரி 606) விளக்கியுள்ளார். நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் இல்லத்தில் தோல் விரிப்பில் கைலூலா செய்ததாக ஹதீஸில் வந்துள்ளது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுத பின்னரே பகலுணவும் கைலூலாவும் என்பது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவர்களெல்லாம் பேரீச்சந் தோட்டத்திலும் கடைவீதியிலும் பாடுபட்டவர்கள், சோம்பேறிகள் அல்லர்.

இதன் நோக்கத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அழகாக உணர்த்துகிறார்கள். நோன்புக்கு ஸஹர் உணவு துணையாவதுபோல, இரவு வணக்கத்துக்குக் கைலூலா துணையாகிறது என்பது அவர்களின் கருத்து. அடுத்த கடமைக்கு உடலைத் தயாராக்கும் ஓய்வே சுன்னத்தான ஓய்வு. கடமையை விழுங்கிவிடும் உறக்கம் அதுவன்று.

நாம் தொழும் லுஹரும் அஸரும் வேலையை நிறுத்தச் செய்யும் அழைப்புகளே. பாங்கு கேட்டு எழுகிறோம், நடக்கிறோம், குளிர்ந்த நீரில் ஒளுச் செய்கிறோம். கணக்கிலும் கொடுக்கல் வாங்கலிலும் சிக்கிய மனம் தன் ரப்பின் பக்கம் திரும்புகிறது. தொழுகை இபாதத்துக்காகவே, ஆயினும் அதைப் பேணுபவனுக்கு மன ஆறுதலும் கிடைக்கிறது. சூரத்துல் ஜும்ஆவில் (9, 10) வியாபாரத்தை விட்டு வரும்படி ஏவிய இறைவன், தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று அவனது அருளைத் தேடும்படியும் கூறுகிறான். நிறுத்தவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்.

இனி, நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஓய்வு யாருக்கு? முதலாளி பகலில் வீட்டுக்குப் போய்ச் சாய்ந்து வருகிறார். கடைப் பையன்களோ காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. பணியாட்களைச் சக்திக்கு மீறிச் சுமத்தலாகாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை அபூதர் (ரலி) அவர்களின் வாயிலாகப் பெற்ற நமக்கு, சட்டம் வந்துதானா இது தெரியவேண்டும்?

வீட்டிலும் இதே நிலைதான். ஆண்கள் உண்டு உறங்கும் வேளையில்தான் பெண்கள் பாத்திரம் துலக்குகிறார்கள். அது முடிவதற்குள் மாலைத் தேநீருக்கு அடுப்பு மூட்டும் நேரம் வந்துவிடுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். நம் வீட்டுப் பெண்களின் அரை மணி ஓய்வுக்கு நாம் வழிசெய்யாமல், நம் உறக்கத்தை மட்டும் சுன்னத் என்று சொல்லிக்கொள்வது பொருந்துமா?

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில:

1. லுஹரைத் தொழுதுவிட்டுச் சாய்வது நலம். தொழுகை தவறிவிடுமோ என்ற கவலை இராது.

2. இருபது நிமிடம் முதல் அரை மணி வரை போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கம் பிடித்து, எழும்போது தலை கனக்கும்; இரவு உறக்கமும் கெடும்.

3. படுக்க வசதியில்லாதவர் நாற்காலியிலேயே கண்களை மூடி இளைப்பாறலாம்.

4. கூலிக்கு வேலை செய்பவருக்கு நேரம் அமானிதம். தொழப் போனவர் தேநீர்க் கடையில் அரை மணி பேசிக்கொண்டிருப்பது முறையன்று. அதுபோலவே, பர்ளுத் தொழுகைக்கும் உணவுக்கும் நேரம் தர முதலாளி தயங்குவதும் முறையன்று.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், ரப்புக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமைகளை ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகம் (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்திலேயே அளவு வேண்டுமென்றால், வியாபாரத்தில் வேண்டாமா?

உரியவருக்கு உரியதைக் கொடுத்து வாழும் தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.