மருந்துக்கு ஒரு மேல்சட்டை!

"டாக்டர், நாளை மறுநாள் எனக்கு நானோ மருந்து ஏத்தப் போறாங்களாம். அதுவும் நம்ம பற்பம் மாதிரிதானாமே? நீங்களும் கூடவே ஒரு பற்பம் கொடுத்துட்டா சீக்கிரம் குணமாயிடும்ல?"

கேட்டவர் 58 வயது அம்மா. மூட்டுவலிக்காகப் பல வருஷமாக என்னிடம் வருபவர். இப்போது சினைப்பையில் புற்றுநோய். கையில் பெரிய ஆஸ்பத்திரி சீட்டு. அதில் 'லிப்போசோமல் டாக்சோரூபிசின்' என்று எழுதியிருந்தது. இந்தக் கேள்வியை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகவே அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இரத்தத்தில் எதை ஏற்றினாலும் உடம்பு சும்மா விடாது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் 'மேக்ரோபேஜ்' என்ற விழுங்கும் செல்கள் காவலுக்கு உட்கார்ந்திருக்கின்றன. 1882-ல் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப், இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் சின்ன முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தார். மறுநாள் அந்த முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சிக்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் செல்களுக்கு 'இது கிருமி, இது மருந்து' என்ற பேதமெல்லாம் கிடையாது. அந்நியமாகத் தெரிந்தால் விழுங்கிவிடும். எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். ஒரு நுண்துகள் இரத்தத்தில் இறங்கியதுமே, சில விநாடிகளிலேயே, அங்கே மிதக்கும் புரதங்கள் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் சில, விழுங்கும் செல்லைக் கூப்பிட்டு ஊட்டிவிடும் வேலையைச் செய்பவை. அவற்றுக்கு 'ஆப்சோனின்' என்று பெயர். 1903-ல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட் வைத்த பெயர் அது. உணவு சம்பந்தப்பட்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கால கிரேக்கர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டத்தை 'ஆப்சான்' என்பார்களாம். நம் ஊர் தொடுகறிதான்! வெறும் சோறு தொண்டையில் இறங்குமா? அந்தச் செல்லுக்கும் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். டாக்சோரூபிசின் என்பது சிவப்பு நிற மருந்து. புற்றுநோய்க்கு நல்ல மருந்து, ஆனால் இதயத்தைப் பதம் பார்த்துவிடும். அதனால் அதைக் கொழுப்பாலான குட்டிக் குமிழிக்குள் அடைத்தார்கள். அதுதான் லிப்போசோம். இந்த மருந்தில் அதன் அளவு 100 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்ததெல்லாம் சரி, ஆனால் கட்டிக்குப் போகவேண்டிய குமிழியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துத் தின்றுவிட்டன!

இங்கேதான் மேல்சட்டை வருகிறது. பாலிஎத்திலீன் கிளைகால், சுருக்கமாக 'பெக்'. மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்களே, அதே இனம்தான். 1977-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸ் குழுவினர் இதைப் புரதங்களோடு இணைத்துக் காட்டினார்கள். பிறகு லிப்போசோமின் மேலும் நட்டார்கள். நட்டார்கள் என்று சொல்வதில் தப்பில்லை, நாற்று மாதிரிதான் அது நிற்கிறது. ஒவ்வொரு இழையும் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயல் முழுக்க நாற்றும் தண்ணீரும் நிறைந்திருந்தால் நடுவில் கால் வைக்க இடமிருக்குமா? அதே மாதிரி புரதங்களால் கிட்டே வந்து ஒட்ட முடிவதில்லை. தொடுகறி இல்லை, விழுங்கும் செல்லுக்கும் அவ்வளவு அக்கறை இல்லை.

ஆனால் கலக்கி நட்டால் பிரயோஜனமில்லை. இடைவெளி விட்டு நட்டால் ஒவ்வொரு இழையும் நாய்க்குடை மாதிரி சுருண்டு உட்கார்ந்துவிடும், நடுவே வெற்றிடம் தெரியும். நெருக்கி நட்டால்தான் பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதே 'பெக்'தான், அதே குமிழிதான், நெருக்கம் மாறினால் பலனும் மாறிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. புரதம் ஒட்டாததால்தான் இது தப்பிக்கிறது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் செய்த ஆராய்ச்சியில் வேறு மாதிரி தெரிந்தது. 'பெக்' போர்த்திய துகளிலும் கொஞ்சம் புரதம் ஒட்டத்தான் செய்கிறது. அதில் 'கிளஸ்டரின்' என்ற புரதம் இருந்தால்தான் விழுங்கும் செல் விலகிப்போகிறது. புரதமே இல்லாமல் வைத்தபோது அது சரியாகத் தப்பவில்லை! ஆக, மேல்சட்டை செய்யும் வேலை, யாரை ஒட்டவிடலாம் என்று பொறுக்கியெடுப்பது.

இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. 2012-ல் அங்கே தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த 'லிப்போடாக்ஸ்' என்ற மருந்தைத்தான் தற்காலிகமாகத் தருவித்துக்கொண்டார்கள். நமக்குக் கொஞ்சம் பெருமைதான்!

மேல்சட்டை போட்ட குமிழி இரத்தத்தில் இரண்டு மூன்று நாள் வரை சுற்றுகிறது. இதயத்துக்குத் தொந்தரவு குறைகிறது. ஆனால் ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று முளைக்கிறதே! நாள்கணக்கில் சுற்றும்போது உள்ளங்கை, உள்ளங்கால் மாதிரி அழுத்தமும் சூடும் படும் இடங்களில் மருந்து கசிந்து தேங்குகிறது. தோல் சிவந்து, எரிந்து, உரிந்துவிடுகிறது. சிலருக்கு முதல் தடவை ஏற்றும்போதே முகம் சிவப்பது, மூச்சு இறுக்குவது, முதுகுவலி என்று வரும். அதற்காகத்தான் ஆரம்பத்தில் மெதுவாக ஏற்றுகிறார்கள். "ஏன் இவ்வளவு மெதுவா விடறீங்க?" என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். ஏதாவது மாறுதல் தெரிந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள்.

'பெக்'குக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிப்பதும் உண்டு. விலங்குகளில், முதல் ஊசிக்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டால் துகள்கள் வெகு சீக்கிரம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே வேறு சட்டைகளைத் தேடுகிறார்கள். எனக்குப் பிடித்தது 2011-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் செய்தது. சிவப்பணுவின் தோலையே உரித்தெடுத்துத் துகளுக்குப் போர்த்தினார்கள். சிவப்பணு நாலு மாசம் உடம்பில் சுற்றுகிறதே, அதை ஏன் தின்பதில்லை? அதன்மேல் 'சி.டி.47' என்று ஒரு புரதம், 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் அடையாளச் சீட்டு மாதிரி இருக்கிறது. அந்தச் சீட்டோடு சேர்த்தே போர்த்திவிட்டார்கள்!

எப்போதும் தப்பிக்கத்தான் வேண்டுமா? இல்லை. பீகார் பக்கம் மணல் ஈயால் பரவும் காலா அசார் என்ற காய்ச்சலில், கிருமி அந்த விழுங்கும் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. அங்கே மருந்தைச் செல் விழுங்கினால்தானே நல்லது? அதற்குத் தரும் லிப்போசோமல் ஆம்போடெரிசினில் 'பெக்' சட்டை கிடையாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை ஏற்றினாலே பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மருந்து முழுக்கக் கட்டிக்கே போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருஷத்து விலங்கு ஆராய்ச்சிகளை 2016-ல் டொரண்டோவில் கூட்டிப் பார்த்தபோது, ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது நடுத்தரமாக ஆயிரத்துக்கு ஏழு பங்குதான்.

சரி, பற்பம்? நம் பற்ப, செந்தூரங்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்கள் நானோ அளவுத் துகள்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். உடனே 'சித்தர்கள் அன்றே நானோ செய்தார்கள்' என்று எங்கள் ஆட்களே மேடையில் பேசுகிறார்கள். தேன், நெய் என்று நாங்கள் தரும் அனுபானம்தான் இந்த மேல்சட்டை என்று சொல்லிப்பார்க்க எனக்கும் ஒரு சமயம் ஆசை வந்தது. ஆனால் அது நியாயமில்லை. இது வாய் வழியாக வயிற்றுக்குப் போவது, அது நேராக இரத்தத்தில் இறங்குவது. பொடியாக இருப்பதாலேயே ஒன்று போகவேண்டிய இடத்துக்குப் போகும் என்று ஆகிவிடாது. இந்தச் சிகிச்சை நடக்கும்போது உலோக, பாஷாண மருந்துகளைக் கூடச் சேர்த்தால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் யார் பொறுப்பு?

அந்த அம்மாவுக்கு நான் பற்பம் கொடுக்கவில்லை. மூட்டுவலிக்குக் கொடுத்து வந்த மருந்துகளையும் நிறுத்திவைத்து, அவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழ்தி, "இதை உங்க கேன்சர் டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சொன்னா பிறகு பார்ப்போம்" என்றேன். மருந்து ஏற்றிய பிறகு சில நாட்களுக்குக் கை கால்களில் வெந்நீர் படக்கூடாது, இறுக்கமான செருப்பு கூடாது, உள்ளங்கை எரிந்தால் அடுத்த ஊசி வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவேண்டும் என்றும் சொன்னேன்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "அம்மியில அரைக்கலாமா டாக்டர்?"

"கூடவே கூடாது. ஒரு வாரம் உங்க பையன் மிக்ஸி போடட்டும்."

"அவன் அரைச்சா சட்னி திப்பி திப்பியா இருக்குமே!" என்று சிரித்துக்கொண்டே போனார்.