கொடுவாக் கூண்டு: குஞ்சு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம், முட்டுக்காடு உப்பங்கழியில் மீன் வளர்க்கக் கூண்டு போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு கூண்டுக்கு எத்தனை கொடுவாக் குஞ்சு விடலாம்?" என்பதுதான். இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. விரல் நீளக் குஞ்சுக்கு ஒரு கணக்கு, கால் கிலோ மீனுக்கு வேறு கணக்கு.

மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. அதன் பிறகு பொரிப்பகக் குஞ்சு வாங்கி வளர்க்க வழி பிறந்தது. கூண்டில் இடம் இருக்கிறதே என்று கூடுதலாக வாங்கி விடும் ஆசையும் கூடவே வந்தது. நட்டம் தொடங்குவது அங்கேதான்.

நான்குக்கு நான்கு மீட்டர் கூண்டு, தண்ணீருக்குள் வலை இரண்டு மீட்டர் என்றால் 32 கன மீட்டர். தொடக்கத்தில் கன மீட்டருக்கு 40 குஞ்சு தாங்கும், அதாவது 1,280. மீன் 150 முதல் 200 கிராம் வந்ததும் கன மீட்டருக்கு 10 முதல் 20 வரைதான் இருக்கலாம். 15 என்று வைத்தால் அதே கூண்டில் 480 மீனுக்குத்தான் இடம். மீதியை வேறு கூண்டுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? மீன் உடனே சாகாது, அதனால்தான் பலரும் கவனிப்பதில்லை. தீனி போகும், எடை ஏறாது. முதலில் பாய்கிற மீன் தின்று பெருக்க, பின்தங்கியது இன்னும் பின்தங்கும். கொடுவா தன் நீளத்தில் பாதிக்கும் மேலுள்ள மீனையே விழுங்கிவிடும். ஆகவே சிறு பருவத்தில் வாரம் ஒருமுறையாவது தரம் பிரித்து, பெரிதையும் சிறிதையும் தனித்தனி வலையில் விடுங்கள்.

நெருக்கத்தில் உடம்போடு உடம்பு உரசிச் செதில் உதிரும். அந்தப் புண் வழியாக விப்ரியோ பாக்டீரியா நுழையும். செவுளில் ஒட்டும் ஒட்டுண்ணியும் நெருக்கமான கூண்டில்தான் வேகமாகப் பரவும். நாலைந்து மீனைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ, சளி படிந்தோ இருந்தால் காத்திருக்காதீர்கள்.

விடியற்காலையில் கூண்டைப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஆக்சிஜன் மிகக் குறைவது அப்போதுதான்; லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போக விடக் கூடாது. கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் நீரோட்டம் நின்றுபோகும். மழைக்காலத்தில் தாங்கிய அதே எண்ணிக்கை அப்போது தாங்காது. வலைக் கண்ணில் பாசியும் சிப்பியும் அடைத்தாலும் இதே கதைதான்: கூண்டின் அளவு மாறியிருக்காது, உள்ளே வரும் தண்ணீர் பாதியாகியிருக்கும். வலையை மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள், அப்படியும் மீன் மேலே வந்து வாய் திறந்தால் ஒரு பகுதியைப் பிடித்து விற்றுவிடுங்கள்.

இடம் மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் தீனி வேண்டாம். வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள்.

1,280 குஞ்சு வாங்கப் போகிறவரிடம் மூன்று கூண்டுக்கு வலை இருக்க வேண்டும். ஒரு கூண்டுதான் இருக்கிறதென்றால் 500 குஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.