இடைவெளிப் பலகைக் கூரையும் பக்கவாட்டு விசையும்: எதைத் தேர்வது?

கலிஃபோர்னியாவின் பழைய மரச்சட்ட வீடுகள் பலவற்றில், சிங்கிள் எனப்படும் மெல்லிய மரத்துண்டுகளே கூரையை மூடியிருந்தன. அவை அடியிலிருந்தும் காற்றுப்பட்டு உலர வேண்டும் என்பதால், கைமரங்களின் மேல் பலகைகள் இடைவெளிவிட்டே அடிக்கப்பட்டன. காற்றோ நிலநடுக்கமோ வீட்டைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அவ்விசையைத் திரட்டிச் சுவர்களிடம் சேர்க்கும் விறைப்பான தளத்தைப் பொறியாளர்கள் டயாஃப்ரம் என்பர். இடைவெளிப் பலகை அந்த வேலைக்குப் போதாது. ஒரு பலகையை ஒரு கைமரத்தில் பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டே ஆணிகள் என்பதால், கூரை சாய்சதுரமாக நெளிய முற்படுகையில், சில அங்குலத் தொலைவில் நிற்கும் அந்த ஆணிகள் திருகலுக்குக் காட்டும் எதிர்ப்பே கணக்கில் வருகிறது. இடைவெளியின்றி நேராக அடித்த பலகைக்கே அமெரிக்க மரக்கட்டுமான விதிநூலின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு நிலநடுக்கத்துக்கு அளிக்கும் பெயரளவு வலு அடிக்கு 100 பவுண்டுதான். மூலைவிட்டமாக அடித்தால் அது 600.

கூரையைப் பிரித்து மாற்றும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், பிளைவுட் விரிப்பதே சிறந்தது. மரத்துக்குப் பதிலாக வேயும் தார் சிங்கிளுக்கு எப்படியும் முழுத்தளம் தேவைப்படுவதால் ஒரே செலவில் இரு வேலைகள் முடிகின்றன. ஆனால் ஆணி பழைய பலகையோடு நின்றுவிடாமல் கைமரத்துக்குள் இறங்க வேண்டும். பிளைவுட் தாளின் விளிம்பு இடைவெளியின் மேல் விழும் இடங்களில் அதே தடிமனுள்ள பலகையை நிரப்பாவிட்டால் ஆணிக்குப் பிடிமானமே இராது.

கூரையைத் தொட இயலாதபோது, கைமரங்களின் அடியில் எஃகுப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டலாம். பட்டை இழுவிசையை மட்டுமே தாங்கும் என்பதால் அவை எதிரெதிர்த் திசைகளில் ஜோடியாகவே வர வேண்டும். விசை முழுவதும் பட்டையின் நுனிகளில் குவிவதால், சுத்தியலை ஓங்கக்கூட இடமில்லாத இறவாரத்து மூலையில்தான் மிக வலுவான இணைப்பு தேவைப்படுகிறது.

உட்கூரையின் ஜிப்சம் பலகையை நம்புவது மலிவான வழி. சிறிய அறைகளுக்கு அப்பால் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை. பன்னாட்டுக் கட்டட விதி அதன் நீள அகல விகிதத்தை ஒன்றரைக்கு ஒன்று என வரையறுப்பதோடு, செங்கல், கான்கிரீட் சுவர்களின் பக்கவாட்டு விசையை அதன்மேல் ஏற்றவும் அனுமதிப்பதில்லை.

கூரைத்தளத்தை வலுவாக்கும் முதலிரு வழிகளிலும், சுவரின் தலைச்சட்டத்துக்கு மேலே கைமரங்களுக்கு நடுவில் இடைக்கட்டைகள் இல்லையெனில், கைமரங்கள் பக்கவாட்டில் உருண்டு சாய, திரட்டிய விசை சுவரை எட்டாது. ஆகவே பிளைவுட்டை விரிக்கும் முன்பே, கூரை திறந்திருக்கையில், பரணுக்குக் காற்று போகத் துளையிட்ட இடைக்கட்டைகளைப் பொருத்திவிடுவது எளிது.