ஒளிவிடும் காலணிக் கயிறு

இரவில் சாலையோரம் நடந்து செல்பவரை வண்டியோட்டி தொலைவிலேயே காண்பதற்கு, காலில் அசையும் சிறு ஒளி பெரிதும் உதவும். அவ்வொளியைக் காலணிக் கயிற்றிலேயே அமைக்கலாம். மின்சாரம் கடத்தும் நூல், சிறு விளக்கு, மின்கலம் ஆகிய மூன்றே இதற்கு முதன்மையானவை. இவற்றுள் நூல் நம் தொழிலைச் சார்ந்தது. ஆதலின் அங்கத்தினர்கள் இப்பாடத்தை ஊன்றிக் கவனித்தல் நலம்.

நூல்: உலோகம் சேர்ந்த நூல் நமக்குப் புதிதன்று. பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் ஜரிகை. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துணியில் மின்சுற்று அமைத்த ஆராய்ச்சியாளர்கள், இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவரும், உலோகத் தகடு சுற்றிய இழையுடைய பட்டு ஆர்கன்ஸாத் துணியைப் பயன்படுத்தினர். ஆயினும் எல்லா ஜரிகையும் மின்சாரத்தைக் கடத்தும் என்று கொள்ளலாகாது. பிளாஸ்டிக் படலத்தாலாகியதும், மேற்பூச்சு உடையதும் கடத்தாமற் போகலாம். பழகுவோருக்குத் துருப்பிடிக்காத எஃகு நூலே ஏற்றது.

மின்சுற்று: மின்கலத்தின் நேர்முனையிலிருந்து ஓர் இழையும், எதிர்முனையிலிருந்து மற்றோர் இழையும் கயிற்றின் நெடுக ஓட வேண்டும். ஏணியின் இரு கால்களுக்கு இடையே படிகள் அமைவதுபோல், விளக்குகள் இவ்விரு இழைகளுக்கும் இடையே அமையும். எல்.இ.டி. விளக்கின் நீண்ட கால் நேர் இழையையும், குட்டைக் கால் எதிர் இழையையும் சேர வேண்டும். மாற்றிக் கட்டினால் எரியாது.

கணக்கு: நூல் மீட்டருக்கு 50 ஓம் மின்தடை உடையதெனக் கொள்வோம். அரை மீட்டர்க் கயிற்றின் நுனிவரை போகவும் வரவும் 50 ஓம் ஆகிறது. நுனியில் இரு விளக்குகள் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் அரை வோல்ட் நூலிலேயே கழியும். 3 வோல்ட் மின்கலத்தில் எஞ்சுவது இரண்டரை. சிவப்பு விளக்குக்குச் சுமார் 2 வோல்ட் போதும். சுமார் 3 வோல்ட் வேண்டும் வெள்ளை விளக்கு மங்கிவிடும். ஆகவே சிவப்பையே கொள்க.

தலையாய விதி: இரு இழைகளும் ஒன்றையொன்று தொடலாகாது. தொட்டால் மின்சாரம் விளக்கை விட்டுக் குறுக்கே பாயும்; மின்கலம் சூடேறி வீணாகும். காலணிக் கயிறோ குறுக்கிட்டு ஓடுவது, முடிச்சிடப்படுவது, உலோக வளையங்களில் நுழைவது. எனவே கயிற்றை இரட்டைத் துணியாக நெய்து, கடத்தும் இழைகளை உள்ளே மறைத்து, இடையில் பருத்திப் பாவு நிறுத்துக. கயிற்றைத் துளைகளில் கோத்த பின்னரே விளக்குகளைத் தைக்க வேண்டும். எஃகு நூலில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாது. விளக்கின் கால்களை வளையமாக முறுக்கி, நூலால் இறுகக் கட்டி, முடிச்சில் பசை தடவி, மிகுந்த நுனியை ஒட்ட நறுக்குக.

எச்சரிக்கை: 2032 எண்ணுடைய காசு வடிவ மின்கலம் 20 மில்லி மீட்டர் அகலமுடையது. குழந்தை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக் கூடும். திருகாணியால் மூடும் பெட்டியில் வைக்காத கயிற்றை விற்பனைக்கு அனுப்பலாகாது. துவைக்குமுன் மின்கலத்தை நீக்குக.

பயிற்சி: ஒரு சாண் கயிறு நெய்து, விளக்கை எரியவிட்டு, நூறு முறை முடிந்து அவிழ்த்துப் பாருங்கள். ஒளி ஒருமுறையேனும் துடித்தால் இழை எங்கோ தொடுகிறது, அல்லது முடிச்சு தளர்ந்திருக்கிறது. அதைக் கண்டு திருத்திய பின்னரே முழுக் கயிற்றுக்குப் பாவு ஓட்டுங்கள்.