கியர் பாக்ஸ் ஆயில்: குறைந்தாலும் கேளுங்கள், கூடினாலும் கேளுங்கள்

டிரையல்ஸ் வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, சேற்றுச் சரிவு என்று குறித்துவிட்ட பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் தண்டப் புள்ளி. வண்டி நடை வேகத்தில்தான் போகும். ஆனால் கிளட்சுக்கு ஓய்வே இல்லை. ஓட்டுநரின் ஒரு விரல் எப்போதும் லீவரில் இருக்கும். நிமிடத்துக்குப் பலமுறை பாதி பிடித்து, பாதி விட்டு ஓட்டுவார். அந்தத் தேய்மானத்தையும் சூட்டையும் வாங்கிக்கொள்வது கியர் பாக்ஸ் ஆயில். அதன் அளவு பெரும்பாலான வண்டிகளில் அரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும், சிலவற்றில் அதற்கும் குறைவு. 100 மில்லி போனாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

எனவே அளவைப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் இந்த ஆயில் அங்கே தானாக எரிவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது. கூடியிருந்தால் ஏதோ உள்ளே வந்திருக்கிறது. கேனை எடுப்பதற்கு முன் அந்தக் காரணத்தைத் தேடுங்கள்.

முதலில், எந்தப் பெட்டி?

பீட்டா, கேஸ் கேஸ், ஷெர்கோ போன்ற நிறுவனங்களின் டிரையல்ஸ் வண்டிகளில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் வேண்டிய மசகு, பெட்ரோலோடு கலந்த 2டி ஆயிலிலிருந்து கிடைத்துவிடும். கியர் பெட்டியில் இருப்பது தனி ஆயில். பல் சக்கரங்களுக்கும் கிளட்ச் பிளேட்டுகளுக்கும் மட்டுமானது. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்குத் தனி கியர் ஆயில் பழக்கமானதுதான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கான மொன்டேசா கோட்டா 4ஆர்டியில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறொரு ஆயில். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பழைய புல்டாகோ ஷெர்பா வைத்திருப்பவர்கள், பிரைமரி செயின் ஓடும் அறையும் கியர் பாக்ஸும் தனித்தனி என்பதை நினைவில் வைக்கவும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது.

அளவு பார்ப்பது எப்படி?

டிரையல்ஸ் வண்டியில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அப்போது தெரிவது பொய் அளவு. சமதளத்தில் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குனிந்து பார்ப்பதே சரி. தனியாக இருந்தால் இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிமிர்த்துங்கள். மேனுவல் வேறு மாதிரி சொல்லாதவரை, இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே வடிய மேலும் சில நிமிடங்கள் கொடுத்த பிறகு பாருங்கள்.

லெவல் கண்ணாடி உள்ள வண்டியில் குறிகளுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். பழைய கண்ணாடியில் கறை படிந்து, ஆயில் இருப்பது போலவே ஏமாற்றும். வண்டியை இடமும் வலமும் மெல்லச் சாயுங்கள். கோடு நகர்ந்தால் ஆயில். நகராவிட்டால் கறை, அல்லது கண்ணாடிக்கு மேல்வரை ஆயில் நிரம்பியிருக்கிறது. லெவல் போல்ட் உள்ள வண்டியில், போல்டைக் கழற்றியதும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். இரண்டும் இல்லாத வண்டியில் முழுவதையும் வடித்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பதுதான் வழி. கண்ணாடி உள்ளவர்களும் ஆயில் மாற்றும்போதெல்லாம் இப்படி அளந்து, ஊற்றியது எவ்வளவு, வடிந்தது எவ்வளவு என்று குறித்து வையுங்கள். நோய் முதலில் தெரிவது அந்தக் குறிப்பில்தான்.

குறைந்திருந்தால்

வெளிக் கசிவை முதலில் தேடுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சீல், கிக்கர் தண்டின் சீல், கியர் லீவர் தண்டின் சீல் ஆகிய மூன்றும் சேற்றிலும் மணலிலும் சீக்கிரம் தேயும். அந்த இடங்களை நன்றாகத் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. பாறையில் அடிபட்ட வண்டியானால் அடித்தட்டைக் கழற்றி, கேஸில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியே காய்ந்திருந்தும் அளவு குறைகிறதா? டூ ஸ்ட்ரோக்கில் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீலைச் சந்தேகியுங்கள். பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் அறையில் உறிஞ்சும் விசை உண்டாகும். சீல் தேய்ந்திருந்தால் கியர் பாக்ஸ் ஆயிலை அது இழுத்து எரித்துவிடும். இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, அடிக்கடி ஆயில் படியும் ஸ்பார்க் பிளக் ஆகியவை அடையாளங்கள். கிராங்க் அறையை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தால் உறுதியாகிவிடும். அதுவரை ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டுவது சீலைக் காப்பாற்றாது.

கூடியிருந்தால், நிறம் மாறியிருந்தால்

ஆயில் பால் கலந்த தேநீர் போலத் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அது வந்த வழி இரண்டில் ஒன்று. ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் தண்டின் சீல் போயிருக்கலாம். கூலன்ட் அப்படியே இருந்தால், ஓடைத் தண்ணீரோ, பிரஷர் வாஷ் தண்ணீரோ பிரீதர் குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நுழைந்திருக்கும். சூடான இன்ஜின் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியே வெளியிலிருப்பதை இழுக்கும். குழாயின் வாய் உயரத்தில் இருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலும் கசியத் தொடங்கும்.

தண்ணீர் கலந்த ஆயிலோடு இன்னொரு வாரம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். பேரிங்குகள் துருப்பிடிக்கும், கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டைகளும் கெடும். காரணத்தைச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றி, சில நிமிடங்கள் ஓடவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் மறுபடியும் கிராங்க் சீல்தான். கசிவு இப்போது எதிர்த் திசையில். அளவு கூடி நிறம் மாறாமலும் வாடை இல்லாமலும் இருந்தால், பெரும்பாலும் நீங்களே கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். கூடுதல் ஆயில் நுரைக்கும், பிரீதர் வழியே வழியும், கிளட்ச் முழுதாக விடாமல் இழுக்கும். அதிகமானதை வடித்துவிடுங்கள்.

எந்த ஆயில்?

மேனுவலில் சொன்னதுதான் முதல் பதில். அதைத் தாண்டி மூன்று விஷயங்கள். முதலாவது, கிளட்ச் இந்த ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஆயில் ஊற்றுவதானால் ஜாஸோ எம்ஏ தரக் குறி உள்ளதை வாங்குங்கள். உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்ந்த கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். இரண்டாவது, கியர் ஆயிலின் எண்ணும் இன்ஜின் ஆயிலின் எண்ணும் வேறு வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலில் 90 என்பது இன்ஜின் ஆயிலின் 40, 50க்கு நிகரான தடிமன். எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மூன்றாவது, தடித்த ஆயிலில், குறிப்பாகக் குளிரில், கிளட்ச் இழுக்கும். கேஸ் கேஸ் ஓட்டுநர்கள் பலர் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான மெல்லிய ஏடிஎஃப் ஆயிலைப் பயன்படுத்துவதற்குக் காரணம் அதுதான். உங்கள் மேனுவல் அனுமதித்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

எந்த ஆயிலானாலும் நெடுநேரம் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளி விடுவித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது

இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது, நிரப்பும் மூடியையும் திறந்துவிட்டு வடியுங்கள். டிரெய்ன் போல்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற மாவு இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் வந்தால் கியர் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கேஸ் மென்மையான உலோகம். போல்டை டார்க் ரெஞ்சால் மேனுவல் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பலம் காட்டினால் மரை போய்விடும். அளந்து ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு மேனுவலின் மணிக்கணக்கை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் கொஞ்சம், கிளட்ச் வேலை அதிகம் என்பதால் அதற்கு முன்பே மாற்றுவது வீண் செலவல்ல. புது வண்டியிலும், கிளட்ச் பிளேட் மாற்றிய வண்டியிலும் முதல் மாற்றம் சீக்கிரமே வேண்டும். ஆழமான ஓடையில் விழுந்து எழுந்த நாளில் கணக்குப் பார்க்காமல் அன்றே நிறத்தைப் பாருங்கள்.

நிறம், வாடை, உலோகச் சில்லு ஆகிய மூன்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் அடுத்த போட்டிக்கு வண்டியை எடுக்காதீர்கள். மூன்றும் சரியாக இருந்து அளவு மட்டும் மெல்லக் குறைகிறதென்றால், நிரப்பிக்கொண்டு ஓட்டலாம்; ஆனால் எத்தனை மணி நேரத்தில் எத்தனை மில்லி என்று எழுதி வையுங்கள். சீல் மாற்றப் போகும்போது மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.